கடைசல் சொப்புச் சாமான்: நிற வேறுபாடும் விரிசலும் கைவேலையின் இயல்பா, குறையா?

கொங்குத்தாய்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் மகளுக்கு முதல் பிறந்தநாள். விழாவுக்கு வரும் குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் பொருள் எதையும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தந்தையும் இரண்டு மகன்களும் நடத்திவரும், மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் சிறிய கடைசல் பட்டறையில் அறுபது செட் மரச் சொப்புச் சாமான்களுக்குச் சொல்லியிருந்தேன். ஒரு செட்டில் குடம், தவலை, உரல், உலக்கை, அம்மி, குழவி, மூடியுடன் இட்லிப் பானை, கரண்டி என்று எட்டு உருப்படிகள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் அனுப்புவதாகச் சொன்னவர்கள் ஏழாவது வாரத்தில் அனுப்பினார்கள்.

பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, சிவப்பு நிறம் எல்லாச் செட்டிலும் ஒன்றாக இல்லை. சிலவற்றில் குங்குமச் சிவப்பாகவும் சிலவற்றில் செங்கல் நிறமாகவும் இருக்கிறது. இரண்டாவது, நான்கு செட்டுகளில் உரலின் அடிப்பாகத்தில் மயிரிழை போன்ற விரிசல் தெரிகிறது. மூன்றாவது, பூசியிருப்பது உண்மையிலேயே அரக்குதானா, அல்லது கடையில் வாங்கிய பெயின்ட்டா என்பதை என்னால் அறிய முடியவில்லை. கையால் செய்த பொருள் அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொல்கிறார். அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். இந்தத் தொழிலை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பட்டறையின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. யாரும் கேட்க வேண்டாம்.

பட்டறைப் பிள்ளை

சகோதரிக்கு வணக்கம். எங்கள் தாத்தாவும் அப்பாவும் கடைசல்காரர்கள். நான் அந்தத் தொழிலுக்குப் போகாமல் வங்கி வேலைக்குப் போனவன் என்றாலும், பன்னிரண்டு வயது வரை பட்டறைத் தூசியில்தான் வளர்ந்தேன். நீங்கள் சொல்வது அந்தப் பகுதிப் பட்டறை என்பதால், நிறத்தைப் பற்றி மட்டும் முதலில் எழுதுகிறேன்.

பெயின்ட் டப்பாவில் வருவது போல அரக்கு ஒரே நிறமாக வருவதில்லை. மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அது பெரும்பாலும் ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளிலிருந்து வருகிறது. தேனின் பழுப்பு அதற்கு இயல்பான நிறம். அதை இளக்கி, சாயத்தைச் சேர்த்து, சவ்வு மிட்டாய் இழுப்பதைப் போல இழுத்து மடித்து, மறுபடியும் இழுத்து, நிறம் சீராகப் பரவிய பிறகு குச்சியாக உருட்டி வைப்பார்கள். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழன்றுகொண்டிருக்கும்போது இந்தக் குச்சியை அழுத்திப் பிடித்தால் உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். தூரிகையும் கிடையாது, காயவைக்கும் வேலையும் கிடையாது. பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு வரும்.

ஒரு முறை கிண்டிய அரக்கில் எத்தனை குச்சிகள் கிடைக்கின்றனவோ அத்தனைக்குத்தான் ஒரே நிறம். மறுமுறை கிண்டும்போது அரக்கின் பழுப்பு சற்றுக் கூடியிருந்தாலே குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பிவிடும். அடியில் வெள்ளை அரக்கு ஏற்றி அதன்மேல் சிவப்பை ஏற்றினால் ஒரு நிறம், வெறும் மரத்தின் மேல் ஏற்றினால் இன்னொரு நிறம். அறுபது செட் என்றால் நானூற்று எண்பது உருப்படிகள். அவை ஒரே நாளில் ஒரே குச்சியால் செய்யப்பட்டிருக்க வழியில்லை. எனவே நிற வேறுபாட்டைக் குறையாகக் கருத வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரே செட்டுக்குள் இருக்கும் எட்டும் ஒத்துப்போகும்படி அடுக்கியிருக்க வேண்டும் என்று மட்டும் நீங்கள் கேட்கலாம், கேட்பது நியாயமும் கூட.

மரக்கணக்கு

நிறத்தைப் பற்றி மேலே எழுதப்பட்டிருப்பது சரி. ஆனால் விரிசலையும் "கைவேலையின் அழகு" என்ற கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் மரச்சாமான் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன்.

வெட்டிய மரத்தில் நீர் இருக்கிறது. அது வற்றும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளர் வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழுக் கிளையை அப்படியே வைத்துக் கடைந்தால், நடுவிலுள்ள சோற்றுப் பகுதியிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு கோடு பிளந்தே தீரும். உரலின் அடியில் நீங்கள் பார்த்த விரிசல் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், அது போதிய அளவு உலராத மரத்தில், நடுச்சோற்றை விலக்காமல் செய்த உருப்படி. சொப்பு போன்ற சிறு பொருள்களுக்குப் பருமன் குறைந்த கிளைகளையே வாங்குகிறார்கள் என்பதால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதைத் தவிர்க்கும் வழி பொறுமை ஒன்றுதான்: துண்டுகளை நிழலில் அடுக்கி இரண்டு மூன்று மாதம் விட வேண்டும், பிளந்தவற்றைக் கடைவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும்.

ஏழு வாரத்தில் அறுபது செட் முடித்திருக்கிறார்கள் என்றால், உலர்ந்த மரம் கையிருப்பில் இருந்ததா என்பதே என் கேள்வி. ஏசி அறையில் வைத்தால் இன்னும் பல செட்டுகளில் விரிசல் தோன்றக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைப் பிள்ளை

மரக்கணக்கு ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மூன்று மாதத்துக்கு மரம் வாங்கி அடுக்கி வைக்க வேண்டுமானால் மூன்று மாத முதலீடு முடங்கிக் கிடக்க வேண்டும். எங்கள் அப்பா அதற்காகவே நகையை அடகு வைத்திருக்கிறார். இன்றைய வாடிக்கையாளர் ஐந்து வாரத்தில் கேட்கும்போது, முடியாது என்று சொல்கிற துணிவு சிறிய பட்டறைக்கு எளிதில் வருவதில்லை.

மரக்கணக்கு

வராததற்குக் காரணம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தச் சுமையை ஒரு வயதுக் குழந்தையின் தாயிடம் இறக்கிவைப்பது முறையாகாது. முடியாது என்று சொல்ல வேண்டாம், பத்து வாரம் ஆகும் என்று சொல்லலாமே.

பெங்களூர்வாசி

அரக்கா, பெயின்ட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில், ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் இருக்கும், அரக்கு மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சன்னபட்ணாவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்கள் வழியாக இந்தக் கலை வந்தது என்று அங்கே சொல்வார்கள். அங்கே "ஆலெ மர" என்று சொல்லிக் கொடுக்கும் மரம் நம் ஊர் வெட்பாலைதான். ஆந்திராவின் எட்டிகொப்பாக்காவில் அதே மரத்தை அங்குடு என்கிறார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறுவதைப் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். தோல் நோய்க்கான அந்தத் தைலத்தின் மரமே மூன்று மொழிக்காரர்களின் பொம்மைக்கும் மரமாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. வெளிர் நிறம், நெருக்கமான இழை, உளிக்கு மென்மை என்பவைதான் காரணம்.

அங்கே ஒரு முதியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி, எந்த ரசாயனமும் தேவைப்படாதது. அரக்கு சுழலும் பரப்பில் மட்டுமே ஏறும். குடம், உரல், பம்பரம், கிலுகிலுப்பை போன்ற உருண்டையானவற்றில் அரக்கு இருக்க முடியும். தட்டையான பலகை, செதுக்கிய மூக்கு, வண்டியின் பக்கவாட்டு ஆகியவற்றில் பளபளக்கும் நிறம் இருந்தால், அது தூரிகையாலோ தெளிப்பானாலோ பூசிய பூச்சு. உங்கள் செட்டில் அம்மி தட்டையானது அல்லவா? அதை முதலில் பாருங்கள். உருண்டையானவற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய சுற்றுக்கோடுகள் தெரியும். பெயின்ட்டில் அவை தெரியா.

இன்னொரு சோதனையும் உண்டு. பஞ்சில் சிறிது சர்ஜிக்கல் ஸ்பிரிட் எடுத்து அடிப்பாகத்தில் ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதால் பரப்பு பிசுபிசுக்கும், பஞ்சிலும் நிறம் ஏறும். எனாமல் பெயின்ட் அவ்வளவு எளிதில் அசையாது. இது முடிவான சோதனை அன்று, ஒரு குறிப்பு மட்டுமே. கொரோனா காலத்தில் என் தங்கை தன் மகனின் சன்னபட்ணா பொம்மைகளை எல்லாம் சானிடைசரால் துடைத்து, எல்லாவற்றையும் ஒட்டும் பண்டமாக்கிவிட்டாள். அரக்குப் பொம்மையை உலர்ந்த துணியால் துடைப்பதே போதும். வெந்நீரும் ஆகாது, கோடையில் மூடிய காருக்குள் விட்டுவைப்பதும் ஆகாது. அரக்கு குறைந்த சூட்டிலேயே இளகிவிடும்.

கொங்குத்தாய்

பெங்களூர்வாசி அவர்களுக்கு மிகவும் நன்றி. சொன்னபடியே பார்த்தேன். குடம், தவலை, உரல், உலக்கை, குழவி, இட்லிப் பானை ஆகியவற்றில் சுற்றுக்கோடுகள் தெரிகின்றன. ஸ்பிரிட் பஞ்சிலும் சிவப்பு ஏறியது. அம்மியிலும் கரண்டியின் முகத்திலும் சுற்றுக்கோடு இல்லை, ஸ்பிரிட்டுக்கும் அசையவில்லை. ஆக, ஒரே செட்டில் இரண்டு வகைப் பூச்சு இருக்கிறது. "முழுவதும் இயற்கை அரக்கு" என்றுதான் என்னிடம் சொன்னார்கள். விரிசல் நான்கும் மையத்திலிருந்தே கிளம்புகின்றன.

சாயப்பித்தன்

"இயற்கை" என்ற சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரக்கு இயற்கையானதா என்பது ஒன்று, அதில் கலந்த சாயம் எது என்பது மற்றொன்று. அரக்கினால் பயம் இல்லை. மாத்திரைகளின் மேல்பூச்சிலும் மிட்டாய்களின் பளபளப்பிலும் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அதில் மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்பொடியைக் கலந்தார்களா, ஈயம் கலந்த குரோம் மஞ்சளைக் கலந்தார்களா என்பதில்தான் ஆபத்தும் ஆபத்தின்மையும் இருக்கின்றன.

எட்டிகொப்பாக்காவில் சி.வி. ராஜு என்ற கைவினைஞர் தாவரச் சாயங்களை மீட்டெடுத்துப் பரப்பினார். அதற்காக 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. மஞ்சள், அவுரி, சாப்பிரா விதை போன்றவற்றிலிருந்து எடுத்த சாயங்கள் குழந்தை வாயில் வைத்தாலும் கவலை தராதவை. அவற்றுக்கும் ஒரு விலை உண்டு: மஞ்சளின் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், அவுரியும் மஞ்சளும் கலந்த பச்சை சில மாதங்களில் நீலத்தை நோக்கி நகரும். எல்லா உருப்படியிலும் ஒரே நிறம், எப்போதும் மங்காத நிறம் என்று எதிர்பார்ப்பவர்கள், தம்மை அறியாமலேயே வேதியியல் சாயத்தைத்தான் கேட்கிறார்கள்.

அம்மியில் பூசிய பெயின்ட்டைப் பற்றி: வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் விற்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயின்ட்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே எந்த டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினார்கள் என்று பட்டறையில் கேளுங்கள். டப்பாவின் படத்தை அனுப்பச் சொன்னால், நேர்மையானவர்கள் தயங்க மாட்டார்கள்.

செவிலித்தாய்

இவ்வளவு நேரமும் நிறத்தையும் பூச்சையும் பேசிக்கொண்டிருக்கிறோம், அளவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் குழந்தைகள் வார்டில் பணி செய்தவள். சொப்பின் குழவியும் இட்லிப் பானையின் மூடியும் எவ்வளவு பெரியவை? மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரத்தில் ஓர் உருளை அளவு உண்டு, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருளைக்குள் எந்தத் துண்டு முழுமையாக அடங்கிவிடுகிறதோ, அது தொண்டையை அடைக்கக்கூடிய சிறு துண்டாகக் கணக்கிடப்படுகிறது. முதல் பிறந்தநாளுக்கு வரும் குழந்தைகளில் பாதிப்பேர் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் இருப்பார்கள். கிலுகிலுப்பையாக இருந்தால், அதற்குள் இருக்கும் மணிகள் வெளியே வர வாய்ப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

கொங்குத்தாய்

ஸ்கேல் வைத்து அளந்தேன். மூடி 28 மில்லிமீட்டர். குழவி நீளத்தில் 40, பருமனில் 14. உலக்கை மெல்லியது என்றாலும் நீளமானது. இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

செவிலித்தாய்

குழவி நின்ற வாக்கில் அந்த உருளைக்குள் இறங்கிவிடும். உருளையின் அடி சாய்வானது, அதன் ஆழம் மிகுந்த பக்கம் 57 மில்லிமீட்டர். மூடியும் இறங்கும். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் இந்தச் செட்டைக் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாம் எல்லோரும் இதே சொப்பை வைத்து விளையாடியவர்கள்தாம், ஆனால் நான்கைந்து வயதில், திண்ணையில், பாட்டியின் கண் முன்னால்.

மயிலைக் கடைக்காரர்

நான் மரப்பொம்மைகளும் அன்பளிப்புப் பொருள்களும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். விதிமுறை பற்றி ஒரு தெளிவு தேவை என்பதால் எழுதுகிறேன். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீட்டுப் பொருளாகப் பதிவானவற்றின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக அந்தப் பட்டறையைக் குற்றம் சொல்ல முடியாது. கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்கலாம்.

ஆனால் விலக்கு என்பது பரிசோதனையில் தேறியதற்கான சான்று அன்று. மூன்று பேர் இருக்கும் பட்டறையால் ஆய்வகக் கட்டணம் கட்ட முடியாது என்பதற்காகக் கொடுத்த சலுகை அது. பல கடைகளில் இதை மறைத்து, "அரசு விலக்கு பெற்ற பாதுகாப்பான பொம்மை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் கடையில் அப்படி எழுத மறுத்ததற்காக ஒரு மொத்த வியாபாரி என்னுடன் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. அதன் பிறகு மரப்பொம்மையைத் தேடி வருவோர் என் கடையில் நன்றாகவே கூடிவிட்டார்கள். கேட்பவர்கள் கூடிய வேகத்தில் கடைசல்காரர்கள் கூடவில்லை. ஒரு கையில் உளியும் மறு கையில் அரக்குமாகச் சுழற்சியின் வேகத்தை உடம்பால் உணர்ந்து செய்யும் வேலை, ஆறு மாதத்தில் யாருக்கும் படியாது. மரக்கணக்கு ஐயா சுட்டிக்காட்டிய ஈரமரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கனச் சின்னசாமி

எல்லாம் சரி, ஒரு செட் என்ன விலை? ஆன்லைனில் இதே போன்ற செட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே.

கொங்குத்தாய்

ஒரு செட் 380 ரூபாய்.

பட்டறைப் பிள்ளை

எட்டு உருப்படிக்கு 380 என்றால் ஒன்று நாற்பத்தேழரை ரூபாய். அதற்குள் மரம், அரக்கு, மின்சாரம், பெட்டி, கழித்துப் போட்ட உருப்படிகள், பார்சல் கூலி எல்லாம் அடக்கம். பாதி விலைக்குக் கிடைப்பது எப்படி என்றால், அதில் தாழை ஓலை பட்டிருக்காது, ஒரே தொட்டியில் முக்கி எடுத்த பெயின்ட்டாக இருக்கும். சின்னசாமி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அப்பாவிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்றவர்கள், போகும்போது அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

கொங்குத்தாய் அவர்களுக்கு என் யோசனை இது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பாதீர்கள். அந்தப் பெட்டி திரும்பி வந்தால் அந்த வீட்டில் இரண்டு மாதம் அடுப்பு தடுமாறும். விரிசல் விட்ட நான்கு உரல்களுக்கு மாற்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. பெயின்ட் பூசிய அம்மியையும் கரண்டியையும் பற்றி நேராகக் கேளுங்கள். வாட்ஸப்பில் எழுதாமல், பெரியவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசுங்கள். எங்கள் பக்கத்துக் கடைசல்காரர்களுக்கு எழுத்தில் குறை சொன்னால் மனம் சுருங்கிவிடும், குரலில் சொன்னால் காது கொடுப்பார்கள்.

மரக்கணக்கு

இந்த யோசனையை ஏற்கிறேன். மாற்று உரல்களை நடுச்சோறு இல்லாத மரத்தில் செய்யச் சொல்லுங்கள். பெரிய துண்டைப் பிளந்து அதிலிருந்து கடைந்தால் போதும்.

கொங்குத்தாய்

இன்று மாலை பெரியவரிடம் பேசினேன். முதலில் மூத்த மகன்தான் எடுத்தார். நான் விரிசல் என்றதும் பார்சலில் அடிபட்டிருக்கும் என்றார். விரிசல் மையத்திலிருந்து கிளம்புகிறது என்று சொன்ன பிறகு சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டுத் தந்தையிடம் கொடுத்தார்.

அவர் மறைக்கவில்லை. கடைசி இரண்டு வாரத்தில் உலர்ந்த மரம் தீர்ந்துபோய், புதிதாக வந்த கிளைகளில் இருபது உரல்கள் கடைந்ததாகச் சொன்னார். இப்போது நான்கில் தெரிவது மற்றவற்றிலும் தெரியலாம் என்பதால், இருபதுக்கும் மாற்று அனுப்புவதாக அவரே சொன்னார். நான் கேட்டது நான்குதான். அம்மியிலும் கரண்டியிலும் அரக்கு ஏற்ற வழியில்லாததால் கடையில் வாங்கிய எனாமலைப் பூசியதாகவும், வாங்குகிறவர்கள் வெறும் மரத்தைப் பார்த்தால் வேலை முடியவில்லை என்று நினைப்பதாகவும் சொன்னார். நிறமே இல்லாமல் தேய்த்து மட்டும் தரும்படி கேட்டிருக்கிறேன். பழைய அம்மிகளையும் கரண்டிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். கைவினைஞர் அட்டை இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறார்.

சிறு குழந்தைகளுக்கு வேறு ஏதாவது தர முடியுமா என்றும் கேட்டேன். விழாவுக்கு வருகிறவர்களில் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருபத்திரண்டு பேர். கிலுகிலுப்பை செய்யலாம் என்றார். உள்ளே மணி போடாமல், ஒரே கட்டையிலிருந்து கழன்றுவராத இரண்டு வளையங்களைக் கடைந்து, அவை ஒன்றோடொன்று தட்டும் சத்தத்தில் ஒலிக்கும் வகையாம். வளையங்கள் உருளை அளவைவிடப் பெரியவையாக இருக்க வேண்டும் என்று 31.7 கணக்கைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். விலை பேசவில்லை. அதற்கு முன்பாக அவர் என்னிடம் கேட்டது, வருகிற குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பல் முளைத்துவிட்டது என்பதைத்தான். பல் முளைத்தவர்கள் கைப்பிடியைக் கடிப்பார்களாம், ஆகையால் அவர்களுக்கு உரியதில் கைப்பிடிக்கு மட்டும் அரக்கு ஏற்றாமல் விட்டுவிடுவாராம். இப்போது இருபத்திரண்டு வீட்டுக்கும் தொலைபேசி போட்டுப் பல்லைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.